சாம்பார் சாதத்துக்கு ஒரு டெஸ்டிங்

சாஃப்ட்வேரில் எது எங்கே உடையும் என்று தேடுவதுதான் இன்ஜினீயரான என் வேலை. வார இறுதி எம்பிஏ வகுப்பிலும் அந்தப் புத்தி போகவில்லை.

ஊரின் ஒரு கோடியில் ஹப்சிகுடா வீடுகளில் சமைத்த சாப்பாட்டை மறுகோடியில் இருக்கும் கச்சிபௌலி அலுவலகங்களுக்கு அனுப்புவது எங்கள் குழுவின் தொழில் திட்டம். குழுத்தலைவி ஸ்டெல்லா மெட்டுகுடாத் தமிழ்ப் பெண், விற்பனையில் புலி.

“மழை வந்தா?” என்றேன்.

“நக்கோ பா, அதெல்லாம் வேணாம். ஓட்டை தேடாம ஸ்லைடு மட்டும் போடு.”

எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு மழை நாளில் சாம்பார் சாதத்தைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். டிராஃபிக்கில் ஊர்ந்து கச்சிபௌலி போய்ச் சேர்ந்து டப்பாவைத் திறந்தால், சாதம் ஜில்லிட்டுக் கிடந்தது.

வகுப்பில் எல்லாக் குழுக்களும் திட்டத்தை விளக்கிய அன்று, நடுவராக வந்த தொழிலதிபர் முதலில் கேட்டதே மழையைப் பற்றித்தான். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து, நனைந்த கதையைச் சொன்னேன். மழை நாட்களில் கச்சிபௌலி அபார்ட்மென்ட்களிலேயே சமைக்கலாம் என்று மாற்று வழியும் சொன்னேன். செய்து பார்த்துவிட்டு வந்தது நாங்கள் மட்டும்தான் என்று சொல்லி, நடுவர் முதலிடத்தை எங்களுக்கே கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா அடுத்த திட்டத்தை என் கையில் திணித்தாள். “எங்க உடையும்னு பாரு.”

இன்ஜினீயர் புத்தியைக் கழற்றி வைக்கத்தான் எம்பிஏ சேர்ந்தேன். நல்லவேளை, அது கழலவில்லை.