கார்டுக் கட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை ஊழியர்களுக்குச் சில வருடங்கள் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்ற எதையும் செய்யக்கூடிய ஆளாக இருந்தேன்.

பாடம் எங்களிடம், கம்ப்யூட்டர் ஊரின் மறுகோடியில் வேறொரு நிறுவனத்தில். புரோகிராமின் ஒவ்வொரு வரியும் ஒரு கார்டில் துளைகளாக இருக்கும். கார்டுகளைக் கட்டிப் பெட்டியில் வைத்தால் பதினோரு மணிக்கு வேன் எடுத்துப்போகும். முடிவு மறுநாள் வரும். கார்டுகள் வரிசை மாறினால் எல்லாம் பாழ். அதனால் கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை ஒரு சாய்ந்த கோடு போட்டுவைக்க வேண்டும். சிதறினாலும் அதைப் பார்த்து அடுக்கிவிடலாம். கோடு இல்லாத கட்டை நான் வகுப்பிலேயே தரையில் கொட்டுவேன். அதுதான் என் கற்பிக்கும் முறை. அதைப் பாராட்டியவர்களும் உண்டு.

ஊருக்குள்ளேயே மெட்டுகுடா பகுதியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வகுப்புக்கு வருவாள். பிறர் எழுதியதைக் கார்டில் துளையிட்டுக் கொடுப்பது பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. புரோகிராமர் தேர்வை முப்பத்தைந்து வயதுவரைதான் எழுதலாம். அவளுக்கு அதுவே கடைசி முறை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

தேர்வுக்கான புரோகிராம் கட்டும் அதே பதினோரு மணி வேனில் போயாக வேண்டும். தேர்வன்று பத்தரை மணிக்குக் கட்டைக் கொண்டுவந்தாள். கோடு இல்லை. கையில் எடுத்தேன்.

"நக்கோ சார், கொட்ட வேணாம், இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. காலையில பாதிக் கார்டைத் திருப்பி அடிச்சேன். கோடு போட நேரமே இல்ல."

தமிழில் கெஞ்சியதுதான் அவள் செய்த தப்பு. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரிக்குச் சலுகை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே! கொட்டினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டாக வெளிச்சத்தில் பிடித்தாள். அவற்றில் அச்செழுத்து கிடையாது, துளைகள் மட்டும்தான். அவற்றை வெறும் கண்ணால் படித்து அடுக்கினாள். பாடம் நடத்திய எனக்கு அது வராது. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அவள் முடித்தபோது பதினொன்று அடித்து இரண்டு நிமிடம். வேன் வாசலில்தான் நின்றது. டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"டயம் முடிஞ்சுதும்மா" என்றேன்.

அவள் மேஜையில் விட்டுப்போன கட்டை மறுநாள் நானே அனுப்பிப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் ஓடியது. வகுப்பில் வேறு யாருடையதும் அப்படி ஓடவில்லை. முடிவு அச்சாகி வந்த தாளைத் தேர்வுக் குழுவிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதன் பின்பக்கத்தில் என் மனைவி மளிகைச் சாமான் எழுதினாள். இன்றும் நினைத்தால் என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவள் துளையிடும் மெஷினுக்கே திரும்பிப்போனாள். அடுத்த வருடம் என் ஆராய்ச்சிக்கான கார்டுகளும் அவளிடம்தான் போயின. கட்டை இரண்டு கைகளாலும் நீட்டினாள். அதன் மேல் ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.

"கோடு போட்டிருக்கேன் சார்" என்றாள். "வேணும்னா கொட்டிப் பாத்துக்குங்க."