யூரியா போடுமுன் வானத்தைப் பார்த்த அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்நாளில், வேலைகளை விட்டுவிட்டு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையான நான் இதை எழுதுகிறேன். அக்காவைத் தைரியசாலி என்று பலரும் சொல்கிறீர்கள். கூடவே இருந்தவள் நான். அக்கா மிகவும் பயந்தவர். பயந்துகொண்டேதான் எல்லாவற்றையும் செய்தார்.

அக்கா பிறந்தது மணிமங்கலத்தில். அம்மா சீக்கிரம் இறந்துவிட்டதால் எனக்குத் தலை பின்னியதும் சோறு போட்டதும் அக்காதான். இடி இடித்தால் என்னை அணைத்துக்கொள்வார்; அவர் உடம்புதான் அதிகம் நடுங்கும். பிறகு வல்லம் வடகால் பக்கம் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மணல் கலந்த நிலம், ஓரத்தில் ஆழமில்லாத கிணறு. நெல்லை விட்டுத் தக்காளிக்கு மாறியவர்கள் அவர்கள். பிள்ளை இல்லை. என் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு என்று நான் போய் இறங்கியது அக்கா வீட்டில்தான். அது 1991.

அந்த ஆடியில் மாமா நாற்று நட்டதும் யூரியா மொத்தத்தையும் ஒரே தடவையில் வீசிவிட்டார். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மறுநாளே பெருமழை. செடி வெளுத்ததைப் பார்த்து மறுபடியும் வீசினார். மறுபடியும் மழை. தெருவில் கைப்பம்பு பழுதாகிக் கிடந்ததால் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கக் குடிக்க எடுத்தது அந்த வயல் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

பிரசவம் முடிந்த சில வாரங்களில் எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. குழந்தைக்குப் பால்பவுடர் கலந்து கொடுத்தோம். அக்கா தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணியில் வடிகட்டித்தான் கலப்பார்.

ஒரு காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, உதடெல்லாம் நாவப்பழம் மாதிரி கீது?"

நகங்களும் அதே நிறம். குழந்தை அழவில்லை. அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. அக்கா ஈரப் புடவையோடு தெருவுக்கு ஓடி, காய்கறி ஏற்றிப் புறப்பட்ட வேனை மறித்தார். அந்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புத் துயரத்துக்குப் பிறகு நெடுஞ்சாலையில் போலீஸ் சோதனை கெடுபிடியாக இருந்தது. தண்டலம் அருகே வண்டியை நிறுத்தி, மூட்டைகளை இறக்கச் சொன்னார்கள். அக்கா குழந்தையோடு கீழே இறங்கினார். துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினார். அந்தக் காவலர் தடுப்பைத் தானே இழுத்து நகர்த்தினார்.

சென்னையில் பெரிய மருத்துவமனை. பிராணவாயு வைத்தும் நீலம் மாறவில்லை. ஊசியில் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை, டிக்காஷன் போல இருந்தது. அதைப் பார்த்த டாக்டரம்மா நோயைப் பற்றிக் கேட்கவில்லை.

"எந்தத் தண்ணில பால் கலக்கறீங்க?"

"வயக்கிணத்துத் தண்ணிம்மா. நல்லா காச்சித்தான் குடுக்கறோம்," என்றார் அக்கா.

"காய்ச்சினா கிருமிதான் சாகும். உரம் போகாதும்மா, இன்னும் கெட்டியாத்தான் ஆகும். வயலுக்குப் போட்ட யூரியா மழையில கரைஞ்சு கிணத்துல இறங்கியிருக்கு. பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் தெரியாது. பச்சைக் குழந்தையோட ரத்தத்தை அது வேலை செய்ய விடாது."

பிறகு கருநீல மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டில் சிவப்பு திரும்பியது. அன்று மாலை குழந்தையின் துணி பச்சையும் நீலமுமாக நனைந்ததைப் பார்த்து அக்கா போட்ட கூச்சலில் வார்டே எழுந்து நின்றது. "மருந்துதாம்மா மூத்திரத்துல வெளிய வருது," என்று நர்ஸ் சொன்ன பிறகும் அக்கா இன்னொரு நர்ஸைத் தேடிப் போய்க் கேட்டார்.

குழந்தை பிழைத்ததும் அக்காவுக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. எதிர் வீட்டு அண்ணி நிறைமாதம். அவர்கள் குடிப்பதும் அதே தண்ணீர். வீடு வந்ததும் அங்கே கிளம்பியவரை மாமா தடுத்தார்.

"ஊரெல்லாம் சொல்லிகினு போனா நம்ம தக்காளிய எவன் வாங்குவான்? கிணத்துல விஷம்னு பேர் கட்டிடுவானுங்க."

"எனக்கும் பயமாத்தான் கீது. அந்தப் புள்ள பொறந்து நீலமாப் போனா அப்ப இன்னா பண்ணுவீங்க?"

அக்கா ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று சொன்னார். சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். எதிர் வீட்டு அண்ணி மட்டும் எதுவும் கேட்காமல் குடத்தைக் கவிழ்த்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து பஞ்சாயத்தில் போய்க் கேட்டதில் கைப்பம்பு சரிசெய்யப்பட்டது.

அடுத்த நடவுக்கு முன் அக்காவும் மாமாவும் வேளாண் அலுவலரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் பொறுமையாக விளக்கினார். சின்ன நாற்றுக்கு வேரே பிடித்திருக்காது. மொத்த உரத்தையும் கொட்டினால் அது எதை எடுக்கும்? மிச்சமெல்லாம் கிணற்றுக்குத்தான். உழும்போது தொழு உரம். நாற்று வேர் பிடித்ததும் கொஞ்சம் யூரியா, பூவெடுக்கும்போது கொஞ்சம், காய் பிடித்ததும் கொஞ்சம். வீசாமல் செடி ஓரத்தில் வைத்து மண் அணைக்க வேண்டும். மழை வரும்போல இருந்தால் தொடவே கூடாது.

கேட்க எளிதாக இருந்தது. பக்கத்து வயல்கள் கரும்பச்சையாக நிற்க, எங்கள் செடிகள் மட்டும் இளம்பச்சையில் நின்றபோது அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பூவெடுத்த சமயத்தில் ஒரு பிற்பகல், மாமா உரக்கூடையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா வரப்பில் போய்க் குறுக்கே நின்றார்.

"இன்னிக்கு வேணாங்க."

"செடி பட்டினி கிடக்குது. பூ கொட்டிப்போச்சுன்னா?"

"கொட்டட்டும்."

மாமா மேற்கே திரும்பிப் பார்த்தார். பிறகு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். பொழுது சாயும்வரை மழை ஊற்றியது. அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "நான் சொன்னது தப்பாப் போச்சுன்னா இந்த மனுஷன் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?" என்று, குழந்தையோடு இன்னும் அங்கேயே இருந்த என்னிடம் கேட்டார்.

மண் காய்ந்து பதமானதும் உரம் வைத்தார்கள். பூ கொஞ்சம் உதிர்ந்தது, மற்றவை காயாயின. அதிகம் விளைந்தது என்று சொல்ல மாட்டேன். குறையவும் இல்லை, காய் கெட்டியாக இருந்தது. அதற்குப் பின் அந்த வயலில் யாரும் யூரியாவை வீசவில்லை. கிணறு மட்டும் உடனே தேறவில்லை. பல ஆண்டுகள் அக்கா தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நல்லது என்று சொன்ன பிறகும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அந்தத் தண்ணீரைத் தந்ததில்லை.

பிறகு நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. மாமா முந்திப் போய்ச் சேர்ந்தார். அக்கா எங்களோடு வந்து இருந்தார். இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரங்களில், ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து நேராக அங்கேதான் வருவாள் என் மகள், அன்று நீலமாய்க் கிடந்தவள்.

"பயமா கீதுடி கண்ணு," என்பார் அக்கா.

"எனக்கும்தான் பெரிம்மா," என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வாள். பயப்படாதே என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடியே ஒரு காலையில் அக்கா கண் மூடினார்.

மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், என் மகளுக்காக ஷிப்ட் மாற்றிக் கொடுத்த தோழிகளுக்கும், இறுதிச் சடங்கில் பந்தல் போட்டது முதல் பாத்திரம் கழுவியது வரை எல்லாம் செய்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா நடுங்கியபோது சிரிக்காமல் அவர் பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறேன். உங்களால்தான் அந்த நடுக்கத்தோடும் அவரால் வாசல் வாசலாகப் போக முடிந்தது.