புள்ளி வாத்தியார்

காவலாளிப் பயிற்சிப் பள்ளியில் என் வீட்டுக்காரருக்குப் புள்ளி வாத்தியார் என்றுதான் பெயர். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பார். ஆளுக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் பள்ளியில் தரமாட்டார்கள். அதனால் தோட்டாவே இல்லாமல் குறிபார்க்கப் பழக்க அவராகவே ஒரு கருவி செய்தார். நான் நச்சரித்து வாங்கிய முக்காலி அதோடு ஒழிந்தது.

முக்காலிமேல் ஒரு பலகை. இந்த முனையில் நடுவே வெட்டிய தகரம், அந்த முனையில் ஓர் ஆணி. பலகையைத் தொடாமல் வெட்டின் வழியே ஆணியைப் பார்க்க வேண்டும். எதிர்ச்சுவரில் ஒட்டிய தாளின்மேல், நடுவில் ஓட்டை போட்ட வட்ட அட்டையை இன்னொருவர் நகர்த்துவார். ஆணி நுனிக்கு நேரே வந்ததும் "நிறுத்து" என்றால், ஓட்டை வழியாகப் பென்சிலால் ஒரு புள்ளி. இப்படி மூன்று முறை. மூன்றும் சட்டைப் பொத்தானுக்குள் அடங்கினால் கண் சரி. சிதறவிட்டவர்களை, "கண்ண வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கிண்டலடிப்பாராம்.

வீட்டில் அட்டை பிடிக்க நான்தான். வாத்தியார்களுக்கும் வருஷா வருஷம் பரீட்சை உண்டு. தோற்றால் வாசல் காவல்தான். அதற்காக ஆறு மாதம் முன்பே பழகத் தொடங்கிவிடுவார்.

இந்த வருஷம் புள்ளிகள் திசைக்கொன்றாக ஓடின. முதல் தாளைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. அன்று சாப்பிடவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பாவி நான், மறுநாளிலிருந்து அவர் எங்கே நிறுத்தச் சொன்னாலும் அட்டையைத் தள்ளி, முதல் புள்ளிக்குப் பக்கத்திலேயே மற்றதையும் வைத்தேன். தள்ளியது அவருக்குத் தெரியவே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

சும்மா பயந்துவிட்டேன் என்று சிரித்தபடி தாள்களை மடித்துப் பத்திரப்படுத்தினார். கண் டாக்டரிடம் போகலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஏன் என்று கேட்டால் குட்டு உடைந்துவிடுமே.

பரீட்சையில் பத்தில் ஒன்றுகூடப் படவில்லை. பள்ளியே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. நானும் கூடப் போனேன். வலது கண்ணின் நரம்பு போய்விட்டது, பார்வை இனித் திரும்பாது, இடதும் போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு போகவிட்டிருக்க மாட்டாராம்.

இவர் விடவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த அந்தத் தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். பாருங்க, எல்லாம் பொத்தானுக்குள்ள. புள்ளி வச்சது இவதான். இவளுக்குப் பொய் சொல்ல வராது."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றேன்.