பள்ளிக்கூடத்துக்குப் போன சீர்

நான் கீழக்குயில்குடிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம், தம்பி பிறந்தான். "படிச்சது போதும். கைப்பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்" என்று அய்யா சொல்லிவிட்டார். ஆத்தா எதிர்த்துப் பேசவில்லை. நான்தான் மாட்டுக்கொட்டத்தில் போய் நின்று அழுதேன்.

அந்தச் சமயம் டீச்சரம்மா, பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒரு எட்டு வந்து போக வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பசுமலையிலிருந்து நடந்தே வந்து பாடம் சொல்லித் தருகிறவர். அய்யா மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைக்கப் போய்விட்டார். ஆத்தா கிளம்பினாள்.

கிளம்பிய கோலத்தை என்னவென்று சொல்வது. தலையில் பித்தளைத் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. இடுப்பில் தம்பி.

"என்னக்கா, பள்ளிக்கூடத்துல யாருக்குச் சடங்கு?" என்று தெருவில் கேலி செய்தார்கள்.

"நாத்தனாளப் பாக்க வெறுங்கையோடயா போவாக?" என்றாள் ஆத்தா.

எனக்கு மானம் போயிற்று. ஒட்டும் உறவும் இல்லாத டீச்சரம்மாவை நாத்தனாள் என்கிறாளே, பள்ளிக்கூடம் இன்னதென்று தெரியாத மனுஷியாக இருக்கிறாளே என்று தள்ளியே நடந்தேன்.

டீச்சரம்மா பதறிப்போய், "இதெல்லாம் வாங்கக் கூடாதும்மா" என்றார்.

"வாங்கிக்கிங்க மதினி. ஒங்க அண்ணன் வீட்டுச் சீரு. திருப்பிக் கொண்டுபோனா ஊரு என்னயத்தான் பேசும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. ஆத்தாவையும் என்னையும் பார்த்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். தேங்காயை அங்கேயே உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார். கிளம்பும்போது ஆத்தா, என் படிப்பை அய்யா நிறுத்தப்போவதை அவர் காதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, எம் மருமகள நிப்பாட்டாதீக. தம்பியையும் தூக்கிட்டு வரட்டும், அங்கயே தூளி கட்டிக்கிருவோம்."

ஊரில் ஒருத்தருக்கும் பணியாத அய்யா, தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "தங்கச்சிக்குச் சோறு எடுத்து வையி" என்றார்.

மறுநாள் முதல் தம்பியோடு பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாவது வரை படித்தேன். எங்கள் தெருவில் அம்புட்டுப் படித்த பெண் அப்போது நான் ஒருத்திதான். வருஷா வருஷம் பொங்கலுக்குப் பசுமலைக்கு அய்யாவே தாம்பாளம் கொண்டு போனார்.

அய்யாவுக்கு ஒரு தங்கை இருந்து, சீர் வாங்கும் வயது வருமுன்னே காய்ச்சலில் போய்விட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆத்தாவுக்குத் தெரியும்.