பூங்காவில் பெண் பார்த்தது

எங்கள் அத்தையைப் பெண் பார்த்துப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சலித்துப்போயிருந்தது. அத்தை அப்பாவின் தங்கை, பாளையங்கோட்டையில் டீச்சர். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அம்மா கேசரி கிண்டுவாள், எதிர்வீட்டு ஜன்னல்கள் திறக்கும். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்பியவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு அத்தைதான் பதில் சொல்ல வேண்டும். பாவம், அவளுக்கு அதுவே பெரிய அலுப்பு.

அதனால் அந்தத் தடவை வீட்டில் வேண்டாம், பூங்காவில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா முடிவு செய்தார். பிள்ளைகளை விளையாடக் கூட்டிப்போன மாதிரி இருக்கட்டும் என்று என்னையும் தம்பியையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்களிடம் சொன்னது ஐஸ் வாங்கித் தருவதைப் பற்றி மட்டும்தான்.

வெயில் சாய்ந்தும் சூடு இறங்கவில்லை. சின்னப் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போவது எப்பேர்ப்பட்ட வேலை என்று இப்போது என் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகும்போது எனக்கே தெரிகிறது. தம்பி வாசலிலேயே ஒரு செருப்பைத் தொலைத்தான். பிறகு சறுக்குமரத்தின் உச்சிக்கு ஏறி, இறங்க மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். பின்னால் நின்ற பிள்ளைகள் கத்தினார்கள். அத்தை, இஸ்திரி போட்ட பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, அவனை இடுப்பில் வைத்து இறக்கினாள். சேலையெல்லாம் துருவும் மண்ணும். ஏரலிலிருந்து வரவேண்டியவர்கள் சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் நுழைந்தார்கள். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

வந்தவருக்கு முன்வழுக்கை. கூட அவருடைய அம்மாவும், என் வயதில் ஒரு பெண்பிள்ளையும். அவர் மனைவியை இழந்தவர், அது அவர் மகள் என்பதெல்லாம் அத்தைக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எங்களைப்போல ஐஸுக்காக வந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினார்கள். அந்தப் பெண்பிள்ளை வந்து என் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க அத்தை அடிப்பாவளா?"

"அடிக்க மாட்டா. கதை சொல்லச் சொன்னா பாதியில தூங்கிருவா."

"தூங்குனா எழுப்பலாமா?"

"எழுப்புனா மிச்சக் கதையும் சொல்லுவா."

அவள் சங்கிலியை விடவில்லை. ஊஞ்சல் கேட்பாள் என்று நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவளோ பெஞ்சுக்குப் போய், தன் அப்பா பக்கமும் போகாமல் ஆச்சி பக்கமும் போகாமல், அத்தை பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தாள். அத்தை நகர்ந்து இடம் விட்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது தம்பி அத்தை மடியில் தூங்கிப்போனான். அத்தையும் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"ஏளா, ஆளைப் பார்த்தியா? என்ன சொல்லட்டும்?" என்று அப்பா பைய கேட்டார்.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு யாருண்ணே தலை பின்னி விடுதாவ? வகிடு எங்கெங்கயோ போவுது."

அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். எனக்குச் சரியான கோபம். என் சடையும்தான் அவிழ்ந்து தொங்கியது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

அத்தை சம்மதம் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த மனிதரைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது உறைக்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆயிற்று.