கழுவிய உப்பு

எங்கள் அக்கா என்னைவிட வேகமாகப் பேசுவாள். நான் ஒரு கேள்வியைப் பாதி கேட்கும்போதே பதில் சொல்லி, அடுத்த கேள்வியையும் அவளே கேட்டு, நான் விழிப்பதைப் பார்த்துச் சிரித்தும் முடித்திருப்பாள். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. சாயங்காலம் குளத்தை ஒரு சுற்று சுற்றி வருவோம். அந்த ஒரு சுற்றுக்குள் தெருவில் உள்ள அத்தனை பேரையும் போல அவள் பேசிக் காட்டிவிடுவாள்.

பேரையூர்ப் பக்கம் காடுகரை வைத்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாவது வருஷம் பொங்கலுக்கு வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். முகம் ஊதியிருந்தது. "பிள்ளை நல்லாப் பூசுனாப்புல இருக்கு, மாமியா வீட்டுச் சோறு ஒத்துக்கிருச்சு" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மாவுக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. மதியத்திலும் போர்வையை இழுத்து மூடினாள். குரல் தடித்துக் கரகரத்தது. எச்சில் விழுங்கும்போது கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியது.

"என்னக்கா செய்யுது?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "ஒண்ணுமில்லடா. அசதியா இருக்கு. நீ பேசு, நான் கேக்குறேன்."

அவள் கேட்பதாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

அப்போது நான் பசுமலையில் விலங்கியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஹார்மோன் பாடம் நடத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி உணவில் வருகிற அயோடினை எடுத்துத்தான் தன் ஹார்மோனைச் செய்கிறது. அயோடின் குறைந்தால் ஹார்மோன் குறையும், ஹார்மோன் குறைந்தால் உடம்பே மெதுவாகிவிடும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி விடாமல் விரட்ட, சுரப்பி மட்டும் வீங்கும். நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குளிர், கரகரப்பு, ஊதிய முகம் எல்லாம் எங்கள் அக்காவைப் பார்த்து எழுதினது போல இருந்தன. உப்பில் அயோடினைச் சேர்த்துக் கொடுத்தால் சரியாகும் என்றும் அங்கே இருந்தது. எனக்கு அது போதும். மேலே படிக்கவில்லை.

என்னோடு படித்தவன் ஒருவனுடைய அத்தா டவுனுக்குள் மளிகை மொத்த வியாபாரம் செய்தார். அயோடின் கலந்த உப்பு வேண்டும் என்று அவனைப் பிடித்தேன்.

"மாப்ள, நீ சொல்ற சரக்கு தூத்துக்குடியில போடுறாங்க. ஆனா ரயிலேறி வடக்க மலைநாட்டுக்குல்ல போகுது. இங்க கேட்டா சிரிப்பாங்க" என்றான்.

"ஒரு மூட மட்டும் வாங்கித் தாடா."

"வாங்கிருவோம். பரிச்சையில கோட்ட விட்டேன்னா அந்த மூட மேலயே உக்காந்து யாவாரம் பாரு."

மாசியில் அந்த மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிப் பேரையூருக்குக் கொண்டுபோனேன். "இனி குழம்பு, ரசம் எல்லாத்துக்கும் இதத்தான் போடணும்" என்று அக்காவிடம் மூன்று தடவை சொன்னேன். அவள் புருஷன், எங்கள் மச்சான், மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, எங்க ஊர் உப்புல கரிப்பு பத்தலையா?" என்றார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு கார்டு எழுதினேன். குளிர் குறைந்ததா, குரல் தெளிந்ததா? அக்காவின் பதில் இரண்டு வரியில் வந்தது. முன்பெல்லாம் கார்டின் ஓரத்திலும் நுணுக்கி நுணுக்கி எழுதுகிறவள். இரண்டு வரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வரும்.

வைகாசியில் லீவு விட்டதும் ஓடினேன். அக்கா வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஓலைப்பெட்டி நிறைய நான் கொடுத்த கல்லுப்பு. அதன் மேல் ஒரு செம்புத் தண்ணீரைச் சுற்றி ஊற்றினாள். கலங்கல் தண்ணீர் கீழே வடிந்து மண்ணில் ஓடியது. அலசிய உப்பை வேட்டித் துணியில் வெயிலில் பரப்பினாள்.

"அக்கா, என்ன செய்யிற?"

"அழுக்கா இருக்குமேடா. எந்த உப்பு வந்தாலும் அலசிக் காயப்போட்டுத்தான் சாடியில கொட்டுவோம். இந்த வீட்டுல அதான் வழக்கம்."

"போச்சு. மருந்து பூராம் அந்தத் தண்ணியோட போயிருச்சு. அயோடின் உப்புக்கு மேலதான் தெளிச்சிருப்பாங்க."

அவள் ஈர மண்ணைப் பார்த்தாள். "அத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றாள். அலசுவார்கள் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அலசுவதில்லை.

அன்றைக்கே மச்சானிடம் சண்டை போட்டு அவளை மதுரைக்குக் கூட்டி வந்தேன். பெரிய டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வந்த அன்று உப்புக் கதை முழுவதையும் அவரிடம் ஒப்பித்தேன்.

"படிச்சது சரிதான் தம்பி. ஆனா அது மண்ணுலயும் தண்ணியிலயும் அயோடின் குறைஞ்ச ஊருக்கு. இவங்களுக்குச் சுரப்பியே கெட்டுருக்கு. மில்லு ஓடலைன்னா பஞ்ச லாரி லாரியா இறக்கி என்ன செய்ய? சில பேருக்கு அயோடின் கூடிப்போனா, ஓடுற கொஞ்சமும் நின்னுரும். கழுவுனதே நல்லதாப் போச்சு."

அக்கா மெல்லத் திரும்பி, "பாத்தியாடா" என்றாள்.

டாக்டரம்மா அந்த ஹார்மோனையே மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில், ஆயுசுக்கும். பஸ் நிலையத்தில் அக்கா என் கையை விடவே இல்லை. "உனக்கு லீவுதான, கூட வந்து ரெண்டு நாள் இரேன். நீ பக்கத்துல இருந்தாப் போதும்" என்றாள். நான் போகவில்லை. அவள் குணமாகி வருகிற வரைக்கும் அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

மறுபடி போனது அடுத்த பங்குனியில், பருத்தி எடுக்கிற சமயம். வாசலில் கால் வைக்கும்போதே, "வாடா, சாப்ட்டியா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, பஸ்ல எடம் கெடச்சுச்சா, ஏன் இம்புட்டு மெலிஞ்சு போன?" என்றாள். ஒன்றுக்கும் பதில் சொல்ல விடவில்லை. கழுத்து வடிந்திருந்தது. தெளிந்த குரல், எங்கள் தெருவில் கேட்ட அதே குரல். ஆனால் இப்போது பேச்செல்லாம் கூலி ஆட்கள், கொழுந்தனுக்குப் பார்த்த பெண், கிணற்று மோட்டார். அவள் பேசிக் காட்டிய ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது, பிட்யூட்டரி எப்படி அடங்குகிறது என்று ஒரு நோட்டில் படம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பிரித்தபோது, "வச்சுட்டுப் போடா, பெறகு பாக்குறேன். காட்டுல ஆளு நிக்குது. நாலு மணி பஸ்ஸ விட்டுராத" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

இதற்குத்தானே இத்தனை நாள் தவித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால்தான் பருத்திக்காடு. அங்கே அவள் யாரையோ விரட்டி வேலை வாங்குகிற சத்தம் வந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த பஸ் நேரம்வரை வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.