பன்னிரண்டு பாட்டுக்குப் பிறகு

கற்பிட்டி பசாரில் "கிளைட்டன் றெக்கோர்டிங் பார்" என்ற பலகை இன்னும் தொங்குகிறது. ஆனால் அங்கே பாட்டு வாங்கப் போகிறவர்கள் குறைவு. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கவும், போட்டோ கொப்பி அடிக்கவும், போனுக்கு றீலோட் போடவும்தான் ஆட்கள் போகிறார்கள். ஆலங்குடாவில் பட்டத்தை இடுப்பில் கட்டிப் பலகையில் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் சிம் அட்டையும் தண்ணீர்ப் போத்தலும் வாங்குவார்கள். எல்லாவற்றையும் நடத்துகிறவள் டொறத்தி. வயது ஐம்பத்தெட்டு.

கடை அவளுடைய கணவன் கிளைட்டன் தொடங்கியது. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளின் பாட்டு, நோன்பு மாதத்தில் இஸ்லாமிய கீதங்கள், கலியாணத்துக்குச் சினிமாப் பாட்டு என்று கசெட்டில் ஏற்றிக்கொள்ள ஊர் முழுக்க அவனிடம்தான் வந்தது. கசெட்டும் சீடீயும் போய், பாட்டெல்லாம் போனுக்குள் ஏறிய பிறகும் கிளைட்டன் அசையவில்லை. "பாட்டுக்கடையில பாட்டுத்தான் விக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வெறும் கடையில் உட்கார்ந்திருந்தான். அப்படியே ஒரு மத்தியானம் கதிரையிலேயே நெஞ்சு அடைத்துப் போனான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை டொறத்தி ஒரு போட்டோ கொப்பி மெசின் இறக்கினாள். கிளைட்டனின் சிநேகிதர் அன்ரனிப்பிள்ளை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அவன் இருந்தால் இதை உள்ளுக்கு விட்டிருக்க மாட்டான்" என்றார்.

"அவர் இருந்தால் நான் ஏன் இதை வாங்கப் போறன்?" என்றாள் டொறத்தி. சொல்லிவிட்டாளே தவிர, அந்த மெசினைக் கிளைட்டன் பாட்டுப் பெட்டிகள் வைத்த மேசையில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை. வேறு மேசை வாங்கினாள்.

பழைய கசெட்டில் இருக்கிற குரலைப் போனில் ஏற்றிக்கொடுக்கும் வேலை கடைசியாகச் சேர்ந்தது. யாரோ தங்கள் தகப்பன் பேசிய கசெட் ஒன்றைக் கொண்டுவந்து கேட்க, கிளைட்டனின் கசெட் டெக்கை எடுத்துத் துடைத்து, கொம்பியூட்டரோடு வயரில் பொருத்திப் பார்த்தாள். ஏறியது. அந்தக் காலத்தில் எழுதத் தெரியாத வீடுகளில் வெளிநாடு போனவர்களோடு கசெட்டில் பேசித்தான் அனுப்பிக்கொள்வார்கள். அப்படிக் கசெட் இன்னும் எத்தனையோ அலுமாரிகளில் கிடந்தது.

போன வருடம் ஒரு காலையில் பள்ளிவாசல்துறையிலிருந்து முனவ்வரா வந்தாள். எழுபது வயது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு கசெட்.

"மகள் நஸ்லாட குரல் தங்கச்சி. குவைத்துல வீட்டு வேலைக்கு இரிந்து பேசி அனுப்பினது. தொண்ணூத்தொம்பதுல அங்கயே மவ்த்தாப் போனா. காய்ச்சல் எண்டுதான் சொன்னாங்க. மையத்தும் அடக்க ஊருக்கு வரல்ல."

"இவ்வளவு காலமும் கேக்கேல்லையா ராத்தா?"

"முதல்ல கேக்கத் தைரியம் வரல்ல. தைரியம் வந்த நேரம் பாட்டுப்பெட்டி பழுதாப் போச்சு." கசெட்டின் மேல் ஒட்டியிருந்த தாளை விரலால் தடவினாள். "இது மகள்ட எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியா. ஆனா அவ எழுதினதெண்டு எடுத்து எடுத்துப் பாப்பன்."

டொறத்தி கசெட்டை வாங்கிப் பார்த்தாள். தாளில், "றிஸ்மின், 12 பாட்டு, வெள்ளிக்கிழமை" என்று இருந்தது. எழுத்து டொறத்தியுடையது; கிளைட்டன் காலத்தில் பாட்டு ஏற்றித் தாளில் பெயர் எழுதுவது அவள் வேலை.

அப்போதெல்லாம் புதுக் கசெட் வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைக் கொண்டுவந்து தருவார்கள். முன்பு பேசியது அழியாமல் இருக்க உடைத்துவிட்ட கசெட்டின் மூலைத் துவாரத்தில் கடுதாசியைச் செருகிவிட்டு, மேலே பாட்டை ஏற்றுவதுதான் வழக்கம். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் கேட்பதில்லை. இந்தத் துவாரத்திலும் கடுதாசி இருந்தது.

விசயத்தை மறைக்க வழி இருந்தது. நாடா பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றால் கிழவி நம்பிப் போயிருப்பாள். அந்தப் பொய் டொறத்தியின் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் மகளின் எழுத்தென்று அந்தத் தாளை இன்னொரு தடவை தடவிக்கொண்டு வீட்டுக்குப் போவாளே என்று நினைத்தபோது சொல்ல முடியவில்லை.

"ராத்தா, இது உங்கட மகள்ட எழுத்தில்லை. என்ர எழுத்து."

முனவ்வரா விளங்காமல் பார்த்தாள்.

"பாட்டுப் போட்டுத் தரச்சொல்லி இஞ்ச கொண்டு வந்திருக்கினம். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கேட்டுப் பாக்காமல் நான்தான் மேல பாட்டு ஏத்தினது. அழிச்சது நான்தான்."

முனவ்வரா வெறும் துணியை மடித்து மடியில் வைத்தாள். பிறகு, "மகன் றிஸ்மின்தானே கொண்டு வந்த?" என்று கேட்டாள்.

டொறத்தி தாளில் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"அவன்தான். அப்ப பதிமூணு வயசு. பாட்டுப் பைத்தியம்." கதிரையில் மெல்லச் சாய்ந்தாள். "அந்த நேரம் அவ உயிரோட இரிந்தா தங்கச்சி. அடுத்த கசெட் வரும் எண்டுதானே எல்லாரும் இரிந்த. ஆரு நினைச்ச."

அந்தச் சொல்லுக்குப் பிறகு டொறத்தியால் கசெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. டெக்கில் போட்டாள். முதல் பக்கம் முழுக்கப் பாட்டு. திருப்பிப் போட்டாள். ஏழு, எட்டு என்று பாட்டுகள் போயின. பன்னிரண்டாவது முடிந்ததும் "டக்" என்று ஒரு சத்தம். அவன் கேட்டது பன்னிரண்டு பாட்டு, அதோடு நிறுத்தியிருந்தாள். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது.

"...தம்பிட சப்பாத்து அளவ சொல்லி அனுப்புங்க உம்மா. போன முறை அனுப்பினது சின்னன் எண்டு சொன்னீங்களே. இஞ்ச இப்ப சரியான குளிர். நீங்க மருந்த விடாம குடிங்க. மெடம் எழும்பப் போறா. வேற என்ன. இன்னும் கசெட் ஓடுது. என்ன சொல்ற எண்டு தெரியா."

அதன் பிறகு பேச்சு இல்லை. குழாயில் தண்ணீர் விழுந்தது. கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. யாரோ நடந்து போய் வந்தார்கள். நாடா முடியும்வரை அந்தக் குசினிச் சத்தம்தான்.

முனவ்வரா அழவில்லை. தண்ணீர்ச் சத்தத்தையும் விடாமல், தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள்.

"அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டி ஏத்தித் தாறன் ராத்தா."

"வேணாம். பாட்ட வெட்டாத. பாட்டு முடிய அவ வருவா எண்டு பாத்துக்கொண்டு இரிப்பன்."

டொறத்தி முழுவதையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றி, அவளுடைய சின்னப் போனில் போட்டு, எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று மூன்று தடவை காட்டிக் கொடுத்தாள்.

அடுத்த கிழமையே பள்ளிவாசல்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பிறகு தில்லையடியிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் பைகளோடு வந்தார்கள். ஒரு மணித்தியாலக் கசெட்டை ஏற்ற ஒரு மணித்தியாலம் வேண்டும், விரைவுபடுத்த வழியில்லை. பாட்டுப் போட்ட கசெட் என்றாலும் இரண்டு பக்கத்தையும் நுனிவரை கேட்காமல் டொறத்தி திருப்பிக் கொடுப்பதில்லை. பலதில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி கடை வாசலிலேயே இருந்து அழுதாள். அந்த வேலையால் மட்டும் கடை ஓடாது. றீலோட்டும் கொப்பியும்தான் வாடகையைக் கட்டுகின்றன. ஆனாலும் அவள் அதை விடவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் கத்தாரிலிருந்து வந்த ஒரு நாற்பது வயதுக்காரர் ஒரு பின்னேரம் கடைக்குள் வந்து, ஒன்றும் வாங்காமல் நின்றார். அவர் யாரென்று டொறத்திக்குச் சொல்லாமலே விளங்கியது.

"உம்மாக்கு நான்தான் கொண்டு வந்த எண்டு தெரியுமா?" என்று கேட்டார் றிஸ்மின்.

"தெரியும் தம்பி."

"ஒண்டும் சொல்லல்ல. சாப்பாடு வெச்சுத் தந்தா." மேசையிலிருந்த டெக்கைப் பார்த்தார். "வீட்ட வெச்சு என்னால கேக்க ஏலா. இஞ்ச கேக்கலாமா?"

டொறத்தி அவரை, அந்தப் பதிவு இன்னும் இருந்த கொம்பியூட்டருக்கு முன்னால் உட்காரவைத்தாள். கடைசித் துண்டுக்குத் தள்ளிவிடவா என்று கேட்டதற்கு அவர் தலையை ஆட்டி மறுத்தார். முதல் பாட்டிலிருந்து போட்டுவிட்டு அவள் முன்பக்கம் வந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி பரீட்சைத் தாள்களை நூறு கொப்பி அடிக்கக் கொண்டுவந்திருந்தாள்.

"மெசின் சத்தம் போடும் டீச்சர்," என்றாள் டொறத்தி. "ஒரு மணித்தியாலம் கழிச்சு வாங்கோ."